முதல் நானோவினாடியில் எத்தனை ஃபோட்டான்? வேகமான சிண்டிலேட்டரைக் கொண்டு நேரம் அளக்க, டெல்டா கல்லூரி ஆய்வகங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் ஏறத்தாழ 66 மீட்டர் உயரம். விண்வெளிக் கதிர்கள் காற்றில் மோதும்போது பிறந்து வானிலிருந்து இறங்கும் மியூவான் என்ற துகள் ஒன்று அதன் உச்சி மட்டத்திலிருந்து தரை வரை வருவதற்கு 220 நானோவினாடிகள் போதும். கதிர் பட்டால் ஒளிரும் பொருளுக்குச் சிண்டிலேட்டர் என்று பெயர். அந்த வகையில், காமா நிறமாலை எடுக்கக் கல்லூரிகளில் பயன்படும் சோடியம் அயோடைடு படிகம், ஒரு கதிர் பட்டபின் தன் ஒளியில் மூன்றில் இரண்டு பங்கை வெளியிட எடுத்துக்கொள்ளும் நேரமும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கதிரின் ஆற்றல் எவ்வளவு என்று கேட்டால் அந்தப் படிகம் நன்றாகப் பதில் சொல்லும். கதிர் எப்போது வந்தது என்று கேட்டால் அதன் பதில் மங்கலாகிவிடும்.

எப்போது என்ற கேள்விக்கான வழிகாட்டி இது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகளில் இயற்பியல் முதுகலை படிப்பவர்களையும் அவர்களுக்குச் செயல்திட்டம் வகுத்துத் தரும் ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். இலக்கு ஒன்றுதான்: இரண்டு சிண்டிலேட்டர் பலகைகளை மேலும் கீழுமாக வைத்து, இடையில் மியூவான் பறக்கும் நேரத்தை அளந்து, அது ஒளியின் வேகத்தில் வருகிறது என்று உங்கள் ஆய்வகத்திலேயே காட்டுவது. கதிரியக்க மூலம் எதுவும் வேண்டாம். மியூவான் எல்லா ஊரிலும் இலவசமாகக் கிடைக்கிறது. கடல் மட்டத்தில் கிடைமட்டமாக வைத்த ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று விழும். புவிக் காந்த நடுவரை நம் தென்கோடியை ஒட்டிச் செல்வதால் இங்கே அது சற்றுக் குறையும். ஆனாலும் நம் வேலைக்குத் தாராளமாகப் போதும்.

படி 1: வேண்டிய துல்லியத்தை எண்ணாக எழுதுங்கள்

பொருள் வாங்கும் முன்பு ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். ஒளி ஒரு நானோவினாடியில் 30 சென்டிமீட்டர் செல்கிறது. பலகைகளுக்கு இடையே 2 மீட்டர் இருந்தால் பறக்கும் நேரம் 6.7 நானோவினாடி, அரை மீட்டர் இருந்தால் 1.7 நானோவினாடி. இந்த இரண்டின் வித்தியாசமான 5 நானோவினாடிதான் நாம் அளக்கப் போவது. ஒவ்வொரு நிகழ்விலும் அரை நானோவினாடிக்குள் பிழை நின்றால் போதும். பல நிகழ்வுகளின் சராசரியில் பிழை மேலும் சுருங்கிவிடும்.

மருத்துவத்தில் இதைவிடக் கடுமையான தேவை இருக்கிறது. பாசிட்ரான் உமிழ்வு ஸ்கேனில், 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசையில் கிளம்புகின்றன. இரண்டும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை 200 பைக்கோவினாடித் (ஒரு நானோவினாடி என்பது ஆயிரம் பைக்கோவினாடி) துல்லியத்தில் அறிந்தால், கிளம்பிய இடத்தை அந்தக் கோட்டின்மேல் 3 சென்டிமீட்டருக்குள் சொல்லிவிடலாம். 10 பைக்கோவினாடி கிடைத்தால் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் சொல்லலாம். வேகமான சிண்டிலேட்டர் ஆராய்ச்சியை இன்று முன்தள்ளும் பெரிய விசைகளில் இது ஒன்று.

படி 2: தரவுத்தாளை நேரக் கண்ணோடு படியுங்கள்

எந்தச் சிண்டிலேட்டரின் தரவுத்தாளிலும் மூன்று எண்களைத் தேடுங்கள். ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு எத்தனை ஃபோட்டான் என்பது ஒளி விளைச்சல். ஒளி எவ்வளவு விரைவில் உச்சத்துக்கு ஏறுகிறது என்பது எழுச்சி நேரம். அதன்பின் எவ்வளவு விரைவில் அணைகிறது என்பது தேய்வு நேரம்.

பலர் தேய்வு நேரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறந்த பிறகு கடைமடை விவசாயி எதை எதிர்பார்த்து வாய்க்கால் கரையில் நிற்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். தண்ணீர் எத்தனை நாள் ஓடும் என்பது வேறு கணக்கு. எந்த நேரத்தில் வந்தது என்று அவர் உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் தண்ணீர் முகப்பு திரண்டு வர வேண்டும். கசிந்து கசிந்து வந்தால், வந்த நேரம் எது என்பதில் பக்கத்து வயல்காரரோடு கருத்து வேறுபாடு வந்துவிடும். சிண்டிலேட்டரிலும் முகப்புதான் நேரத்தைச் சொல்கிறது. வால் பகுதி ஆற்றலைத்தான் சொல்லும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது, முதல் நானோவினாடியில் எத்தனை ஃபோட்டான் என்பதே. தோராயமாக அறிய, ஒளி விளைச்சலைத் தேய்வு நேரத்தால் வகுத்துப் பாருங்கள். சோடியம் அயோடைடு: 38,000 ஃபோட்டான், 230 நானோவினாடி, ஒரு நானோவினாடிக்கு ஏறத்தாழ 165. பிஸ்மத் ஜெர்மனேட்: 8,500 ஃபோட்டான், 300 நானோவினாடி, 28தான் தேறும். சீரியம் கலந்த லுடேஷியம் ஆர்த்தோசிலிக்கேட்: 30,000, 40 நானோவினாடி, 750. சீரியம் கலந்த லாந்தனம் புரோமைடு: 63,000, 16 நானோவினாடி, 3,900. மிக வேகமான பிளாஸ்டிக் வகைகளில் ஒன்றான இ.ஜே. 228: 10,200, 1.4 நானோவினாடி; 7,000க்கும் மேல். மொத்த ஒளியில் சோடியம் அயோடைடுக்கு மிகவும் பின்தங்கிய பிளாஸ்டிக், முதல் நானோவினாடியில் அதைவிட நாற்பது மடங்குக்கு மேல் முன்னே நிற்கிறது.

எழுச்சி நேரத்தையும் சேர்த்தால் கணக்கு இன்னும் சரியாகும். நேரப் பிழை, எழுச்சி நேரத்தையும் தேய்வு நேரத்தையும் பெருக்கி, ஒளியை மின்துடிப்பாக மாற்றும் உணரியில் உண்மையாகப் பதிவாகும் ஃபோட்டான் எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் வரும் அளவை ஒட்டி மாறுகிறது. பதிவாகும் ஃபோட்டான் நான்கு மடங்கானால் பிழை பாதியாகும். எழுச்சி நேரம் நான்கில் ஒன்றானாலும் அதே பலன்தான். பதிவாகும் ஃபோட்டான் என்ற சொல்லை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பலகையைச் சுற்றுவது, ஒட்டுவது, உணரியைப் பொருத்துவது என்று பின்னால் செய்யும் கைவேலை எல்லாம் அந்த எண்ணிக்கையைக் காப்பாற்றத்தான்.

படி 3: பொருளைத் தேர்ந்தெடுங்கள்

மியூவானுக்குப் பிளாஸ்டிக் சிண்டிலேட்டர்தான் என் முடிவு. அதன் காரணம் வேகம் மட்டுமில்லை. மின்னேற்றமுள்ள மியூவான் எதைக் கடந்தாலும் வழியெல்லாம் ஆற்றலை விட்டுச் செல்கிறது. பிளாஸ்டிக்கில் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 மெகா எலக்ட்ரான் வோல்ட். ஆகவே 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள பலகையில் 4 மெகா எலக்ட்ரான் வோல்ட், அதாவது 40,000 ஃபோட்டான். அடர்த்தி குறைவு என்ற குறை இங்கே நம்மைப் பாதிப்பதில்லை. காமா கதிருக்குக் கதை வேறு. பிளாஸ்டிக்கில் இருப்பது கரிமமும் ஹைட்ரஜனும்தான். 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா பெரும்பாலும் படாமலே போய்விடும். பட்டாலும் காம்ப்டன் சிதறலில் ஆற்றலின் ஒரு பகுதியைத்தான் விடும். அங்கே அடர்த்தியான படிகம் வேண்டும்.

பிளாஸ்டிக்கிலும் இரண்டு குடும்பங்கள் உண்டு. இ.ஜே. 228, இ.ஜே. 232 போன்றவை அதிவேகமானவை. ஆனால் தாம் உமிழும் ஒளியையே நீண்ட தூரத்தில் உறிஞ்சிக்கொள்ளும் குணம் இருப்பதால் சிறிய துண்டுகளுக்கே ஏற்றவை. இ.ஜே. 200, அதற்கு இணையான பி.சி. 408 போன்றவற்றின் எழுச்சி நேரம் 0.9, தேய்வு நேரம் 2.1 நானோவினாடி, ஒளி மீட்டர் கணக்கில் பயணிக்கும். பத்து சென்டிமீட்டர் பலகைக்கு இரண்டும் ஒத்துவரும். கல்லூரிக்கு நான் இ.ஜே. 200 வகையைத்தான் சொல்வேன். அதன் ஒளி 425 நானோமீட்டர் நீலம். எளிதாகக் கிடைக்கும் உணரிகள் நன்றாகப் பார்க்கும் நிறம் அது.

கரிமச் சிண்டிலேட்டர்களின் தொடக்கம் நம் பீரோவிலேயே இருக்கிறது. 1947இல் பெர்லினில் ஹார்ட்மூட் கால்மன் நாஃப்தலினைத்தான் பயன்படுத்தினார், துணிக்கு இடையில் வைக்கும் அந்துருண்டையின் பொருள். அடுத்த ஆண்டு ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் தாலியம் கலந்த சோடியம் அயோடைடைக் கொண்டுவந்தார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் ஆய்வுலகத்தின் முதன்மை அக்கறை ஆற்றல் அளவீட்டிலேயே இருந்தது.

மற்ற படிகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், அடுத்த செயல்திட்டத்துக்கு உதவும். பேரியம் ஃபுளோரைடு எனக்கு மிகவும் பிடித்த விந்தைப் பொருள். அதில் ஒரு நானோவினாடிக்கும் குறைவான தேய்வு நேரமுள்ள ஒளி 220 நானோமீட்டர் புறஊதாவில் வருகிறது. அதே படிகத்தில் 620 நானோவினாடி நீளும் மெதுவான ஒளி 310 நானோமீட்டரில் வருகிறது. வேகமான பகுதி பிறக்கும் வழியே தனி: பேரியத்தின் உள்கூட்டு ஆற்றல் பட்டையில் ஏற்பட்ட காலியிடத்தை ஃபுளோரினின் இணைதிறன் பட்டை எலக்ட்ரான் வந்து நிரப்பும்போது அந்த ஒளி வெளிப்படுகிறது. யிட்ரியம் கலந்தால் மெதுவான பகுதி அடங்குகிறது. ஆனால் சாதாரணக் கண்ணாடிச் சாளரம் 220 நானோமீட்டரை விடாது. ஒளியை உணரக் குவார்ட்ஸ் சாளரமுள்ள ஒளிப்பெருக்கிக் குழாய் வேண்டும். படிகத்தையும் குழாயையும் இணைக்கும் ஒளிப்பசையும் புறஊதாவை விடுவதாக இருக்க வேண்டும்.

லாந்தனம் புரோமைடு 2001இல் டெல்ஃப்டில் அறிமுகமானது. ஆற்றலையும் நேரத்தையும் ஒருசேர நன்றாக அளக்கும் அரிய படிகம் அது. சீரியத்தின் அளவைக் கூட்டினால் எழுச்சி இன்னும் விரைவாகிறது. விலையும் அதிகம், ஈரத்தை உறிஞ்சும் குணமும் அதிகம். லுடேஷியம் படிகம் ஈரத்துக்கு அஞ்சாதது, அடர்த்தி தண்ணீரைப் போல ஏழு மடங்குக்கும் மேல். சீரியத்தோடு சிறிது கால்சியமும் சேர்த்தால் தேய்வு நேரம் 30 நானோவினாடி அளவுக்கு இறங்குகிறது. செர்ன் ஆய்வகத்தின் சி.எம்.எஸ். கருவிக்கான புதிய நேர அளவீட்டு அடுக்கு, யிட்ரியமும் சேர்ந்த லுடேஷியம் படிகக் குச்சிகளையும் சிலிக்கான் ஒளிப்பெருக்கிகள் என்ற சிறு சில்லு உணரிகளையும் கொண்டே வடிவமைக்கப்பட்டது. தொடக்கத்தில் எதிர்பார்க்கும் துல்லியம் 30 பைக்கோவினாடி அளவு.

நேர அளவீட்டுக்கு உதவாது என்று ஒதுக்கிய பிஸ்மத் ஜெர்மனேட்டும் இப்போது திரும்பி வருகிறது. காமா கதிர் உதைத்துத் தள்ளும் எலக்ட்ரான், படிகத்துக்குள் ஒளியைவிட வேகமாகச் செல்லும் சிறு பொழுதில் பதினைந்து, இருபது செரன்கோவ் ஃபோட்டான்களை உடனடியாக விடுகிறது. மிகச் சிலதான். ஆனால் தாமதமே இல்லாமல் வருபவை என்பதால் நேரத்துக்கு அவையே போதும் என்ற நிலை உருவாகியிருக்கிறது.

பிளாஸ்டிக் பலகையைப் புதிதாக வாங்குவதற்கு முன் ஆராய்ச்சி நிலையங்களிடம் கேட்டுப் பாருங்கள். ஊட்டியில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 காற்றுப்பொழிவு ஆய்வில் (விண்வெளிக் கதிர் காற்றில் மோதித் துகள் மழையாக இறங்குவதை அளப்பது) ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள பிளாஸ்டிக் சிண்டிலேட்டர்கள் ஏறத்தாழ 400 நிற்கின்றன. அவற்றுக்கான பிளாஸ்டிக்கை அங்கேயே உருவாக்கிய வரலாறு உண்டு. மாணவர்களை அழைத்துச் சென்று காட்ட வேண்டிய இடம்.

படி 4: பலகையின் அளவு

இங்கே இரண்டு தேவைகள் மோதுகின்றன. சிறிய துண்டு என்றால் துல்லியம் அதிகம், நிகழ்வு குறைவு. 3 சென்டிமீட்டர் சதுரத் துண்டு இரண்டை 2 மீட்டர் இடைவெளியில் வைத்தால், இரண்டையும் கடக்கும் மியூவான் நாளொன்றுக்கு ஒன்றோ இரண்டோதான். 10 சென்டிமீட்டர் சதுரப் பலகை என்றால் அதே தூரத்தில் மணிக்கு ஆறு, நாளொன்றுக்கு 150 அளவில் கிடைக்கும். அரை மீட்டர் தூரத்தில் மணிக்கு 100. பரப்பு நூறு சதுர சென்டிமீட்டரை விடக் குறைய வேண்டாம்.

ஆனால் பலகை பெரிதானதும் புதிய பிழை ஒன்று நுழைகிறது. பிளாஸ்டிக்கின் ஒளிவிலகல் எண் 1.58, அதனுள் ஒளி ஒரு நானோவினாடிக்கு 19 சென்டிமீட்டர்தான் செல்லும். உணரி ஒரு விளிம்பில் இருந்தால், அருகே விழுந்த மியூவானுக்கும் எதிர் விளிம்பில் விழுந்த மியூவானுக்கும் அரை நானோவினாடிக்கு மேல் வித்தியாசம் வரும். எவ்வளவு வேகமான பொருளை வாங்கினாலும் இது போகாது.

தீர்வு எளிது, அழகானதும்கூட. எதிரெதிர் விளிம்புகளில் ஒவ்வோர் உணரி வையுங்கள். மியூவான் இடப்பக்கம் நெருங்கி விழுந்தால் இட உணரி எவ்வளவு முந்துகிறதோ, வல உணரி அவ்வளவு பிந்தும். இரண்டின் சராசரி, விழுந்த இடத்தைப் பொறுத்து மாறாது. அந்தச் சராசரியே பலகையின் நேரம். கூடுதலாக, இரண்டின் வித்தியாசம் மியூவான் விழுந்த இடத்தைத் தோராயமாகச் சொல்லிவிடும். நான்கு உணரிகள் என்றால் செலவு கூடும்தான். அதிவேகப் பொருளுக்குக் கொடுக்கும் பணத்தை இதில் போடுவதே மேல்.

படி 5: மெருகு, உறை, ஒட்டு

பலகையை வெறும் கையால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய் மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். பஞ்சுக் கையுறை போடுங்கள். அசிட்டோன் பக்கம் போகவே வேண்டாம், பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். மென்மையான துணியில் சிறிது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்து ஒற்றியெடுத்தால் போதும்.

விளிம்புகளை அறுத்திருந்தால் தண்ணீர் விட்டு நுண்ணிய எமரித் தாளில் படிப்படியாகத் தேய்த்து, கடைசியாக அலுமினாத் தூளால் மெருகேற்றுங்கள். அவசரப்பட்டால் சூடேறும். பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் 75 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளகத் தொடங்கிவிடும். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் பலகையை விட்டுவைக்கக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

உறைக்குக் குழாய் வேலைக்கு வாங்கும் வெள்ளை டெஃப்லான் டேப் போதும். எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். மூன்று நான்கு சுற்று. இழுத்து இறுக்கிச் சுற்றாமல், பிளாஸ்டிக்குக்கும் டேப்புக்கும் நடுவே மெல்லிய காற்று நிற்கும்படி தளர்வாகச் சுற்றுங்கள். மேற்பரப்பில் 39 டிகிரிக்கு மேல் சாய்வாக வரும் ஒளி முழு அகப் பிரதிபலிப்பால் உள்ளேயே திரும்புவது அந்தக் காற்றிடை இருந்தால்தான். பசை தடவி எதையும் ஒட்டினால் அந்த வாய்ப்பு போய்விடும். அதன்மேல் கறுப்புத் தாள், அதன்மேல் கறுப்பு மின்காப்பு டேப். முடித்ததும் அறையை இருட்டாக்கி, உணரியின் எண்ணிக்கையைப் பார்த்தபடியே மூலை முடுக்கெல்லாம் டார்ச் அடியுங்கள். எண்ணிக்கை ஏறும் இடத்தில் ஒளி கசிகிறது.

உணரிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே சிலிக்கோன் ஒளிப்பசை வேண்டும். கடுகளவு குமிழிகூட ஃபோட்டான்களைத் திருப்பி அனுப்பும். நம் வெயிலில் பசை மெல்ல இளகி வழிந்துவிடும் என்பதால், மாதக்கணக்கில் ஓடும் அமைப்புக்கு மெல்லிய சிலிக்கோன் அட்டையைப் பரிந்துரைக்கிறேன்.

படி 6: உணரி

ஒளிப்பெருக்கிக் குழாய் ஏற்கெனவே ஆய்வகத்தில் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். ஆயிரம் முதல் இரண்டாயிரம் வோல்ட் வரை மின்னழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கும். ஆசிரியர் உடனிருக்காமல் மாணவர்கள் தொடக்கூடாது. மின்னழுத்தம் இருக்கும்போது அறை வெளிச்சம் குழாயில் பட்டால் குழாய் பாழாகிவிடும்.

புதிதாக வாங்குவதானால் சிலிக்கான் ஒளிப்பெருக்கி வாங்குங்கள். வகைக்கேற்ப 30 முதல் 60 வோல்ட் போதும், கையடக்கமானது, தவறி வெளிச்சம் பட்டாலும் தாங்கும். 6 மில்லிமீட்டர் சதுர உணரி நம் பலகைக்குப் பொருந்தும். 40,000 ஃபோட்டானில் நூற்றில் ஒன்று உணரியை அடைகிறது என்றும், அதில் நூற்றுக்கு நாற்பது பதிவாகிறது என்றும் கொண்டால் 160 கிடைக்கும். உணரியின் பரப்பு பெரிதானால் ஒளி அதிகம் சேரும். ஆனால் அதன் மின்தேக்குத்திறனும் கூடி, துடிப்பின் முகப்பு மழுங்கும். அதனால்தான் 6 மில்லிமீட்டருக்கு மேல் போகச் சொல்லவில்லை.

படி 7: துடிப்பிலிருந்து நேரத்தை எடுப்பது

துல்லியம் அதிகம் தொலைவது இந்த இடத்தில்தான். துடிப்பு ஒரு குறிப்பிட்ட வோல்ட்டைத் தாண்டிய கணமே நேரம் என்று வைத்துக்கொள்வது எளிய வழி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 நானோவினாடியில் உச்சம் தொடும் துடிப்புக்கு 50 மில்லிவோல்ட்டில் வரம்பு வைக்கிறோம். உச்சம் 100 மில்லிவோல்ட்டாக இருந்தால் வரம்பைத் தாண்ட 2.5 நானோவினாடி, உச்சம் 400 ஆக இருந்தால் 0.6தான். இரண்டு மியூவான்களும் ஒரே கணத்தில் வந்தவை, ஆனால் கருவி ஏறத்தாழ 1.9 நானோவினாடி வித்தியாசம் காட்டுகிறது. நாம் அளக்க வந்ததே 5 நானோவினாடி என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இதை நீக்க இரண்டு வழிகள். துடிப்பின் உயரத்தில் ஒரு நிலையான விகிதத்தை, உதாரணமாக ஐந்தில் ஒரு பங்கை, தொடும் கணத்தை எடுக்கும் மின்சுற்று 1960களிலிருந்தே இருக்கிறது. அது இல்லாவிட்டால் துடிப்பின் முழு வடிவத்தையும் டிஜிட்டல் ஆசிலோஸ்கோப்பில் சேமித்து, பைத்தான் நிரலில் அதே விகிதத்தைக் கணக்கிடலாம். வினாடிக்கு நூறு கோடி மாதிரி எடுக்கும் நான்கு தடக் கருவி போதும். மாதிரிகளுக்கு இடையே நேர்கோடு போட்டு இடைமதிப்பு காணுங்கள். கல்லூரிக்கு நான் இந்த வழியையே விரும்புகிறேன். துடிப்பின் வடிவத்தை மாணவர் கண்ணால் பார்க்கிறார், எந்த நிகழ்வை ஏன் ஒதுக்கினோம் என்பது அவருக்குப் புரிகிறது.

மின்னிரைச்சலின் பங்கையும் கணக்கிடுங்கள். இரைச்சலைத் துடிப்பின் ஏற்றச் சரிவால் வகுத்தால் நேர நடுக்கம் வரும். 2 மில்லிவோல்ட் இரைச்சல், நானோவினாடிக்கு 20 மில்லிவோல்ட் சரிவு என்றால் 100 பைக்கோவினாடி. பெருக்கியின் பட்டை அகலம் குறைவாக இருந்தால் சரிவு தணிந்து இந்த எண் ஏறிவிடும்.

படி 8: நம் ஊர்க் காற்றுக்கு ஏற்பாடு

வெளிநாட்டுக் கையேடுகள் 20 டிகிரி அறையை வைத்து எழுதப்பட்டவை. தஞ்சையில் மே மாத நண்பகலுக்கும் விடியற்காலைக்கும் இடையே, மின்விசிறி மட்டும் உள்ள அறையில் பத்து டிகிரி வித்தியாசம் எளிதாக வரும். சில சிலிக்கான் ஒளிப்பெருக்கி வகைகளில் ஒரு டிகிரிக்கு 54 மில்லிவோல்ட் வீதம் முறிவு மின்னழுத்தம், அதாவது உணரி துடிப்பைப் பெருக்கத் தொடங்கும் மின்னழுத்தம், ஏறுகிறது. முறிவுக்கு மேல் 3 வோல்ட் வைத்து இயக்கினால் பத்து டிகிரியில் பெருக்கம் ஏறத்தாழ 18 விழுக்காடு குறையும். இருட்டிலேயே எழும் பொய்த் துடிப்புகளும் கிட்டத்தட்ட இரு மடங்காகும். உணரியின் முதுகில் ஒரு சிறு வெப்பமானி ஒட்டி, ஒவ்வொரு நிகழ்வோடும் வெப்பநிலையைப் பதியுங்கள். மின்னழுத்தத்தைத் தானே திருத்தும் சுற்று கிடைத்தால் இன்னும் நல்லது.

ஈரம் அடுத்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நாகை, வேதாரண்யம் பக்கம் காற்றே ஈரமாக நிற்கும். சோடியம் அயோடைடு, லாந்தனம் புரோமைடு போன்றவற்றின் உலோக உறையைத் திறக்கவே கூடாது. பிளாஸ்டிக் தண்ணீரில் கரையாதுதான். ஆனாலும் வெளியில் நிறுவிய பெரிய பலகைகள், வெப்பமான ஈரக் காற்றில் நீராவியை உறிஞ்சி, பிறகு குளிரும்போது உள்ளேயே பனிமூட்டம் போல மங்கிப்போன அனுபவம் உலகில் பல இடங்களில் உண்டு. பகலில் குளிர்சாதனம், இரவில் நிறுத்தம் என்று மாறி மாறி வைப்பதைவிட, குளிர்சாதனமே இல்லாமல் சீராக விடுவது நல்லது. மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்து, ஜெல் நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

மின்சாரத்துக்கு, மலிவான இன்வர்ட்டரின் சதுர அலை இரைச்சலைக் கூட்டும்; சைன் அலை யு.பி.எஸ். வேண்டும். எல்லாக் கருவிகளும் ஒரே பலகைச் செருகியிலிருந்து, ஒரே நிலஇணைப்போடு இயங்கட்டும்.

படி 9: ஒன்றன்மேல் ஒன்றாக முதல் அளவீடு

இரண்டு பலகைகளையும் ஒட்டி அடுக்குங்கள். இப்போது நிமிடத்துக்கு நூறு அளவில் உடனிகழ்வுகள், அதாவது இரு பலகைகளிலும் சேர்ந்து எழும் துடிப்புகள், வரும். துடிப்பு உயர வரைபடத்தில் 4 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு உரிய மேடு தனியாகத் தெரிய வேண்டும். அதன் வலப்புறம் நீண்ட வால் இருப்பது இயல்பு. மேட்டுக்குக் கீழே உள்ள சிறு துடிப்புகளை ஒதுக்குங்கள்.

ஒவ்வொரு பலகையின் சராசரி நேரத்தையும் எடுத்து, மேல் கழித்தல் கீழ் வித்தியாசத்தை வரையுங்கள். மணி வடிவ வளைவு வரும். அதன் திட்ட விலக்கம் இரு பலகைகளின் கூட்டுப் பிழை. இரண்டும் ஒரே மாதிரியானவை என்றால் வர்க்கமூலம் இரண்டால், அதாவது 1.41ஆல், வகுத்தால் ஒரு பலகையின் பிழை. ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் அரை உயர அகலத்தைக் கொடுப்பார்கள். அது திட்ட விலக்கத்தைப் போல 2.355 மடங்கு. ஒப்பிடும்போது எது எது என்று பாருங்கள்.

கருவியின் நேர அளவுகோல் சரிதானா என்பதை இப்போதே சோதியுங்கள். சாதாரண ஆர்.ஜி. 58 கேபிளில் மின்துடிப்பு ஒரு மீட்டர் செல்ல ஏறத்தாழ 5 நானோவினாடி. மேல் பலகையின் இரண்டு கேபிள்களிலும் 2 மீட்டர் கூட்டினால் வளைவின் உச்சம் 10 நானோவினாடி நகர வேண்டும். கூட்டிய துண்டின் தாமதத்தைத் துடிப்பாக்கியால் தனியே அளந்து ஒப்பிட்டால் அளவுகோலின் பிழை தெரிந்துவிடும். பிறகு பழைய கேபிளையே திரும்பப் போடுங்கள். இனி அளவீடு முடியும்வரை எந்தக் கேபிளையும் மாற்றக்கூடாது.

படி 10: மியூவானின் வேகம்

மேல் பலகையை உறுதியான இரும்புச் சட்டத்தில் ஏற்றி, அரை மீட்டர், ஒரு மீட்டர், ஒன்றரை, இரண்டு என்று உயரத்தை மாற்றுங்கள். தூரம் கூடக் கூட அதிக நாள் ஓடவிட வேண்டும். இரண்டு மீட்டரில் ஒரு முழு நாளாவது. ஒவ்வொரு உயரத்துக்கும் வளைவின் உச்சத்தைக் குறித்து, தூரத்துக்கு எதிரே வரையுங்கள். நேர்கோடு வரும். அதன் சரிவு ஒரு மீட்டருக்கு 3.3 நானோவினாடி அருகே இருக்க வேண்டும். கேபிள், பெருக்கி, உணரி இவற்றின் தாமதமெல்லாம் கோட்டை மேலோ கீழோ நகர்த்துமே தவிரச் சரிவைத் தொடாது. ஒரே தூரத்தில் அளந்து நேரடியாக வேகம் கணக்கிடுவதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

150 நிகழ்வு, 0.4 நானோவினாடித் திட்ட விலக்கம் என்றால் உச்சத்தின் பிழை 33 பைக்கோவினாடிதான். அந்த நிலையில் வேறு சிறு விஷயங்கள் தலைகாட்டும். அரை மீட்டரில் மூலைவிட்டமாகச் சாய்ந்து வரும் மியூவானுக்குப் பாதை 2 சென்டிமீட்டர் நீளம். அது 65 பைக்கோவினாடி வரை கூட்டும். இரு உணரி நேரங்களின் வித்தியாசத்தைக் கொண்டு சாய்வானவற்றை ஓரளவு ஒதுக்கலாம். பகல் வெப்பத்தில் உச்சம் நகர்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு நாளும் சிறிது நேரம் பலகைகளை மீண்டும் ஒட்டி வைத்து எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். கான்கிரீட் கட்டடத்தின் தரைத்தளத்தில் வைத்தால் மெதுவான எலக்ட்ரான்கள் கூரையிலேயே பெரும்பாலும் நின்றுவிடும். மியூவான் எண்ணிக்கை பெரிதாகக் குறையாது.

அடுத்து, காமாவின் வேகம்

இந்த அமைப்பு நன்றாக ஓடினால், அதே ஆசிலோஸ்கோப்பில் லுடேஷியம் படிகம் இரண்டை வைத்துக் காமா கதிரின் வேகத்தையும் அளக்கலாம். கதிரியக்க மூலங்களை வாங்குவதும் வைத்திருப்பதும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளுக்கு உட்பட்டவை. அந்த நடைமுறை முடியும்வரை காத்திருக்காமல் தொடங்க இது நல்ல வழி. இயற்கை லுடேஷியத்தில் 2.6 விழுக்காடு லுடேஷியம்-176. ஒரு கன சென்டிமீட்டர் படிகத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 300 சிதைவுகள் தாமாகவே நிகழ்கின்றன. பீட்டா அதே படிகத்தில் நின்றுவிடும். உடன் வரும் 307, 202 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாக்களில் ஒன்று தப்பி எதிர்ப் படிகத்தில் விழும்.

படிகங்களை 30 சென்டிமீட்டர் தள்ளி எதிரெதிராக வையுங்கள். இடப்படிகத்தில் சிதைவு நிகழ்ந்தால் அது ஒரு நானோவினாடி முந்தும். வலப்படிகத்தில் நிகழ்ந்தால் இது முந்தும். ஆகவே நேர வித்தியாச வரைபடத்தில் இரண்டு மேடுகள் 2 நானோவினாடி இடைவெளியில் எழும். ஆற்றல் தெரிவில் 88 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாவைச் சேர்க்க வேண்டாம். லுடேஷியம் சிதைந்து உருவாகி அதை உமிழும் ஹாஃப்னியம் கருநிலைக்கே ஒரு நானோவினாடிக்கு மேற்பட்ட ஆயுள் இருப்பதால் மேடுகள் பக்கவாட்டில் வழிந்துவிடும். 307க்கு மட்டும் சாளரம் வைத்து, தூரத்தை 20, 30, 40 சென்டிமீட்டர் என மாற்றி, மேடுகளின் இடைவெளியைத் தூரத்துக்கு எதிரே வரையுங்கள். சரிவு ஒரு மீட்டருக்கு 6.7 நானோவினாடி வர வேண்டும்.